வியாழன் நள்ளிரவு வரை

திங்கள் காலை எட்டு இருபது.
வெஸ்ட்வில் குன்றின் மேல் மின்சாரம் இருக்கிறது,
பத்து மணிக்குப் போய்விடும்.
அதற்குள் இந்த வாரக் குறிப்பை அனுப்ப வேண்டும்,
உசாத்துணை மேசையின் ஆறு பேருக்கும்.

முதலாவது. ராண்ட் மறுபடி சரிந்துவிட்டது.
பதினான்கு ஆய்விதழ்களை நிறுத்தியிருக்கிறோம்.
பட்டியல் கீழே.
பிரகாசன், மண்ணியல் இதழும் அதில் இருக்கிறது,
பேராசிரியருக்கு நீயே சொல்லிவிடு.
பழைய தொகுதிகள் அடித்தளத்தில் உண்டு,
வெள்ளம் வந்த ஆண்டினது மட்டும் இல்லை.

அடுத்தது சன்னல்.
வேர்த்துக் கொட்டினாலும் திறக்காதீர்கள்.
போன புதன்கிழமைக் குரங்கு
நோம்ஃபுண்டோவின் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு
வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு
மரத்தில் ஏறிவிட்டது.
அன்று நாம் யாருமே வேலைக்கு வரவில்லை என்று
நிர்வாகம் நினைக்கிறது.
கடிதம் எழுதியிருக்கிறேன்.

மருத்துவத் தரவுத்தளம் ஒன்று
முப்பது நாள் இலவசமாகத் திறந்திருக்கிறது,
வியாழன் நள்ளிரவு வரை.
கிரே தெருக் கடைக்காரர் பர்ஃபியை விண்டு
உள்ளங்கையில் வைப்பாரே, அந்த மாதிரி.
வாங்க நம்மிடம் காசில்லை.
அவர்களுக்கும் அது தெரியும், ஆனாலும் கிள்ளித் தருகிறார்கள்.
மாணவர்களிடம் சொல்லுங்கள், நாக்கில் ருசி இருக்கும்போதே
இறக்கிக்கொள்ளட்டும்.

போன மாதக் கணக்கு.
கழிவறை எங்கே: இருநூற்றுப் பதினொன்று.
அச்சுப்பொறி ஏன் அழுகிறது: எண்ணுவதை விட்டுவிட்டேன்.
தண்ணீர் லாரி எப்போது வரும்: முப்பத்தெட்டு,
அதில் ஐந்து நான் கேட்டது.
உண்மையான கேள்வி: ஒன்பது.
'உண்மையான' என்ற சொல் படிவத்தில் இல்லை,
அனுப்புமுன் அடித்துவிடுகிறேன்.

இனி எழுதப்போவது
எந்தத் தலைப்பின் கீழும் வராது.

வெள்ளி மாலை, மேசையைப் பூட்டும் நேரம்,
இரவுக் காவலர் பெகிசிதா வந்தார்.
அவருக்கு நூலக அட்டை கிடையாது,
ஆறு வருடமாக நம் கதவைப் பூட்டுகிறவர்.
சம்பள உறைக்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்தார்.
தங்கை மகனுக்கு என்னவோ,
மருத்துவமனைக் கிறுக்கலில் ஒரு நோயின் பெயர்,
நடுவில் ஓர் எழுத்து
யூவாகவும் இருக்கலாம், என்னாகவும் இருக்கலாம்.

இது என்ன எழுத்து, அம்மா?
அவ்வளவுதான் கேட்டார்.

யூ என்றால் மாத்திரை, ஆறு மாதம்.
என் என்றால்,
அந்தப் பக்கத்தை நான் பாதியில் நிறுத்தினேன்.

நாம் நூலகர்கள்.
நோயின் பெயரைச் சொல்வதில்லை,
பெயர் இருக்கும் பக்கத்தைக் காட்டுவதோடு சரி.
இருபது வருடமாகப் புதியவர்களுக்கு
நான் சொல்லிக் கொடுக்கிற விதி இது,
அன்று என் தொண்டையிலேயே நின்றது.
பெரிய எழுத்தில் எழுதி வாங்கி வாருங்கள் என்றேன்,
ஒரு காகிதம் கொடுத்தேன், பேனாவும் கொடுத்தேன்,
மருத்துவரிடம் பேனா இருக்காது என்பதுபோல.

இரண்டு தேடல்களையும் சேமித்து வைத்திருக்கிறேன்.
இரவுப் பணியில் இருப்பவர் பார்த்துக்கொள்ளுங்கள்.
அவர் கேட்டால் ஒன்றைத் திறந்தால் போதும்,
மற்றதைத் திறக்காதீர்கள்.
வியாழன் நள்ளிரவு வரை.

இப்படிக்கு,
மோகாம்பரி.

ஒன்பது ஐம்பத்தாறுக்கு அனுப்பினேன்.
பத்துக்கு விளக்குகள் அணைந்தன.

புதன் காலை தண்டேக்காவின் பதில்:
வந்தார். பெரிய எழுத்தில் வாங்கி வந்திருந்தார்.
பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன்.
உட்கார்ந்து முழுவதும் படித்தார்.
உங்கள் பேனாவைத் திருப்பித் தந்தார்.
இதை எந்தக் கட்டத்தில் குறிப்பது?

எந்த எழுத்து என்று
அவள் எழுதவில்லை.
விதி தெரிந்தவள்,
நான் சொல்லிக் கொடுத்தது.

படிவத்தில் ஒன்பதை அடித்துப் பத்தாக்கினேன்.
பேனா நன்றாகத்தான் எழுதுகிறது.